யாருக்காக அரைத்த சந்தனம்?

கோயிலில் அபிஷேகம் முடிந்ததும் திரையைப் போட்டுவிடுவார்கள். உள்ளே ஸ்வாமிக்கு அலங்காரம் நடக்கிறது. வெளியே நாம் காத்திருக்கிறோம். சாதாரண நாளில் 10 நிமிஷம் ஆகும். விசேஷ நாள் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகும். யாராவது சலித்துக்கொள்கிறோமா? 'இன்னைக்குச் சந்தனக்காப்பாம்', 'இல்லையில்லை, வெண்ணெய்க்காப்பாம்' என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டு ஆவலோடு நிற்கிறோம். மணி ஒலிக்கிறது, திரை விலகுகிறது. கைகள் தாமாகவே தலைக்கு மேல் உயர்கின்றன.

அதே நாம், வீட்டில் மகள் கண்ணாடியின் முன் அரை மணி நேரம் நின்றால் பொறுப்பதில்லை. 'எவ்வளவு நேரம்டி?' என்று வாசலில் இருந்தே குரல் கொடுக்கிறோம். ஸ்வாமிக்கு ஒரு நியாயம், குழந்தைக்கு ஒரு நியாயமா என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

விளையாட்டாகக் கேட்கவில்லை அன்பர்களே. அபிஷேகத் திரவியங்களை ஒருமுறை வரிசையாக நினைத்துப் பாருங்கள். முதலில் நல்லெண்ணெய்க் காப்பு. பிறகு மாப்பொடி, நெல்லிமுள்ளிப்பொடி, மஞ்சள்பொடி. அப்புறம் பால், தயிர், தேன், இளநீர், சந்தனம். இன்றைய அழகு நிலையத்தில் நுழைந்து விலைப் பட்டியலைப் பார்த்தால், இதில் பாதிக்கும் மேல் அங்கேயும் இருக்கும். தேன் ஃபேஷியல் என்கிறார்கள். தயிர்ப் பூச்சு என்கிறார்கள். சந்தனப் பூச்சு என்கிறார்கள். பொருள் ஒன்றுதான். கருவறையில் அதைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண் அதற்குப் பணம் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டால், 'காசைக் கரியாக்குகிறாள்' என்கிறோம்.

இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. ஆனால், நாம் நினைக்கிற இடத்தில் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உடம்பைப் பேணுவதை நம் சாஸ்திரம் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. பல் துலக்குவதும் நீராடுவதும் அனுஷ்டானத்தின் முதல் படி. குளிக்காமல் பூஜையறைக்குள் காலை வைக்க முடியுமா? ஆண்களுக்குச் சனி, புதன்; பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று எண்ணெய்க் குளியலுக்கு நாள் குறித்துக் கொடுத்தவர்கள் நம் பெரியவர்கள். 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்ற பழமொழியையும் கேட்டிருப்பீர்கள். மருந்துக்குச் செலவாகிற காசை எண்ணெய்க்குச் செலவு செய் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆக, உடம்புக்குச் செலவு செய் என்பதும் நம் வீட்டு உபதேசம்தான்!

அந்தச் செலவு இன்றைக்கு எங்கே வந்து நிற்கிறது? ஒரு காலத்தில் ஷாம்பு என்பது பணக்கார வீட்டுச் சமாசாரம். பெரிய பாட்டிலாக வாங்கினால்தான் உண்டு. அதைச் சின்னஞ்சிறு பாக்கெட்டில் அடைத்து, பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கவிட்ட பெருமையில் நம் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஊர் சின்னி கிருஷ்ணன் இதில் முன்னோடி. அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன், 1983-ல் 15,000 ரூபாய் முதல் போட்டுத் தொடங்கிய 'சிக்' ஷாம்பு, குக்கிராமத்துக் குளியலறை வரை போயிற்று. அரப்பும் சீயக்காயும் அரைத்த கைகளுக்கு ஓய்வு கிடைத்தது. இதைக் குறை சொல்ல மாட்டேன். விறகடுப்புக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் நடுவே கிடந்த ஒரு பெண்ணுக்கு, வாரத்தில் ஒருநாள் தலைமுடி மணக்க வேண்டும் என்று ஆசை இருக்கக் கூடாதா?

ஆனால், பாக்கெட்டில் தொடங்கிய கதை பாக்கெட்டோடு நிற்கவில்லை. முகத்துக்கு ஒன்று, கண்ணுக்குக் கீழே பூச இன்னொன்று, பாதத்துக்கு வேறொன்று. ஆண்களும் தப்பவில்லை. தாடிக்குத் தனி எண்ணெய், நரைக்குச் சாயம், வழுக்கையில் முடி நட்டுக்கொள்ளத் தவணைக் கடன்! 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், முகப் பவுடர் ஆகியவற்றுக்கான ஜி.எஸ்.டி. வரியை 18 சதவிகிதத்தில் இருந்து 5 சதவிகிதமாகக் குறைத்தார்கள். சலூன், அழகு நிலையக் கட்டணங்களுக்கும் அதே சலுகை கிடைத்தது. குறைந்த வரியில் மிச்சமான பணம் உங்கள் வீட்டில் எங்கே போயிற்று என்று யோசித்தீர்களா? பெரும்பாலும் அதே கடையில் இன்னொரு புட்டியாக மாறியிருக்கும்.

ஒரு மாதத்துக்கு மட்டும், வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் இந்த வகையில் ஆகிற செலவை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். தொகை பெரிதாக இருக்கிறதா, சிறிதாக இருக்கிறதா என்பது அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. அதில் நான் தலையிடவில்லை. அந்த நோட்டில் யார் பெயர் எதிரே எவ்வளவு என்று பார்க்கச் சொல்கிறேன். ஏன் என்பதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். பாகவதம் பத்தாவது ஸ்கந்தத்தில் இருக்கிறது.

கம்சன் தனுர்யாகம் என்று சாக்குச் சொல்லி, கிருஷ்ணனையும் பலராமனையும் மதுராவுக்கு வரவழைக்கிறான். கோகுலத்துப் பிள்ளைகள் முதன்முதலாகப் பட்டணத்தைப் பார்க்கிறார்கள். ராஜவீதியில் அவர்களுக்கு எதிர்ப்படுகிறவர்களை வரிசையாகக் கவனியுங்கள். முதலில் வருபவன், அரண்மனைத் துணிகளை வெளுத்துச் சாயம் தோய்ப்பவன். அடுத்து, துணி நெய்கிறவர். அதற்கடுத்து சுதாமா என்ற பூமாலை கட்டுபவர். கடைசியில், சந்தனமும் வாசனைப் பூச்சும் கலக்கிற ஒரு பெண். கவனித்தீர்களா? யானையோடும் மல்லர்களோடும் மோதுவதற்கு முன்னால் பகவான் சந்திக்கிற நால்வருமே, மனிதனை அலங்கரிக்கிற தொழிலைச் செய்கிறவர்கள்!

முதல் ஆள் என்ன செய்தான்? 'நல்ல துணி இருந்தால் கொடேன்' என்று குழந்தைகள் கேட்டதும் எகிறினான். காட்டிலும் மேட்டிலும் திரிகிறவர்களுக்கு ராஜா வீட்டுத் துணி கேட்கிறதா என்று ஏசினான். அவன் உடுத்திக்கொள்வதற்காக வைத்திருந்த துணியா அது? இல்லை, கம்சனுடையது. பிறத்தியார் உடைமைக்குக் காவலாக நின்றே கர்வம் தலைக்கேறிவிட்டது. அவன் கதை அங்கேயே முடிந்தது. நெசவாளரோ தாமே முன்வந்து, வண்ண வண்ணத் துணிகளால் இருவரையும் அழகுபடுத்தினார். சுதாமா வாசலிலேயே விழுந்து வணங்கி, நல்ல வாசனைப் பூவாகத் தேர்ந்தெடுத்து மாலை கட்டிப் போட்டார். பகவான் 'என்ன வேண்டும்' என்றபோது முதலில் பக்தியைத்தான் கேட்டார்.

பிறகுதான் அந்தப் பெண் வருகிறாள். பெயர் த்ரிவக்ரா. உடம்பு மூன்று இடத்தில் வளைந்திருக்கும். கூனி என்று நாம் சொல்வது வழக்கம். (ராமாயணத்து மந்தரையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவள் வேறு, இவள் வேறு.) வயது அதிகமில்லை, முகம் அழகுதான். கையில் ஒரு தட்டு. அதில் கம்சனுக்காகக் கலந்த சந்தனப் பூச்சு. அவளுடைய கைப்பக்குவம் என்றால் கம்சனுக்கு உயிர். தேசத்திலேயே உயர்ந்த வாசனை தினமும் அவள் கையால்தான் தயாராகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தினமும் குனிந்து குனிந்து அரைக்கிறாள். அரைத்த சந்தனம் யார் உடம்பில் ஏறுகிறது? எட்டாவது பிள்ளை எங்கேயோ வளர்கிறான் என்ற நினைப்பில் வெந்துகொண்டிருக்கும் உடம்பில்! எத்தனை படி சந்தனம் பூசினால் அந்த உடம்பு குளிரும்? பயத்துக்குப் பூசுகிற சந்தனத்துக்கு அளவே கிடையாது. இன்று பூசினால் நாளையும் பூச வேண்டும். நாளை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பூச வேண்டும். அரைக்கிறவளின் கூன்தான் அதிகமாகும்.

கிருஷ்ணன் அவளை வழிமறித்து, 'யாரம்மா நீ? இந்தச் சந்தனம் யாருக்கு? எங்களுக்குக் கொஞ்சம் தரக் கூடாதா?' என்று கேட்கிறான். அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. 'உங்கள் இருவரைவிட்டால் இதற்குத் தகுதியானவர் வேறு யார்?' என்று தட்டில் இருந்ததை அப்படியே பூசிவிட்டாள். கம்சன் கேட்டால் என்ன ஆகும் என்ற பயம் அவளுக்கு இல்லை. அடுத்து நடந்ததுதான் அதிசயம். பகவான் தன் பாதங்களால் அவளுடைய முன்பாதங்களை அழுத்தி, இரண்டு விரல்களை அவள் மோவாயின் கீழே கொடுத்து, நிமிர்த்தினான். மூன்று கோணலும் போய், நேராக நின்றாள்.

அதே கைதான், அதே சந்தனம்தான், விலையும் அதேதான். மேலே பூசப்பட்ட ஆள் மட்டும்தான் மாறினான்.

சந்தனம் அரைத்த இன்னொருவரையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. மதுரையில் வணிகர் குலத்தில் பிறந்த மூர்த்தி நாயனார். சொக்கநாதருக்கு நித்தமும் சந்தனக்காப்புக்கு அரைத்துக் கொடுப்பது இவர் பணி. மதுரையைப் பிடித்த வேற்று அரசன் ஒருவன், இவருக்கு எங்கேயும் சந்தனக் கட்டை கிடைக்காதபடி தடுத்துவிட்டான். நாயனார் கோயிலுக்கு வந்தார். கட்டை இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்று தம் முழங்கையைச் சந்தனக் கல்லில் வைத்துத் தேய்த்தார். எலும்பு தெரியும் வரை தேய்த்தார். இறைவன் தடுத்து ஆட்கொண்டான். அன்றிரவே அந்த அரசன் இறந்தான், வாரிசு இல்லை. பட்டத்து யானை தேடிவந்து மூர்த்தியாரைத் தூக்கிக்கொண்டது. அமைச்சர்கள் முடிசூட்ட வந்தபோது அவர் போட்ட நிபந்தனை என்ன தெரியுமா? அபிஷேகத்துக்குத் திருநீறு, ஆபரணத்துக்கு ருத்திராட்சம், கிரீடத்துக்குச் சடைமுடி. இந்த மூன்றோடுதான் மதுரையை ஆண்டார். ஸ்வாமிக்குச் சந்தனம் குறையக் கூடாது என்று கையையே தேய்த்தவர், தமக்கென்று வந்தபோது ஒரு பிடி சாம்பலோடு நிறுத்திக்கொண்டார்.

நம்மால் இது முடியாது. முடியவும் வேண்டாம். ஆனால், கம்சனின் பயம் இருக்கிறதே, அது நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

'பெண் கொஞ்சம் நிறம் கம்மி' என்று ஒரு தரகர் சொல்கிறார். அவ்வளவுதான், அன்றிலிருந்து அந்த வீட்டில் சந்தனம் அரைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று கடைக்கு வந்த கிரீம், 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. சிவப்பே அழகு என்று சொல்வது தவறு என்பதை ஒரு கம்பெனி ஒப்புக்கொள்ளவே 45 வருஷம் ஆகியிருக்கிறது. நம் தரகர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை! அந்தக் கம்பெனி கிரீமாவது பரவாயில்லை. பெயர் தெரியாத ஊரில் தயாராகி, லேபிள்கூடச் சரியாக இல்லாமல் வருகிற சில சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், இத்தகைய கிரீம்களைப் பூசிக்கொண்ட சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். முகத்தில் பூசியது தோல் வழியே இறங்கி, உள்ளே போய் வேலையைக் காட்டியிருக்கிறது.

இதில் அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களைப் பூச வைத்தவர்கள் மீதுதான் கோபம் வருகிறது. காலையில் எழுந்து எந்த ஸ்வாமியைப் பார்க்க வரிசையில் நிற்கிறோம்? கருங்கல்லில் வடித்து, எண்ணெய்க் காப்பிட்டுக் கருகருவென்று மின்னுகிற மூர்த்தியைத்தானே? திருக்கண்ணபுரத்தில் அவனுக்கு நீலமேகப் பெருமாள் என்று பெயர். திருநெல்வேலியில் கரியமாணிக்கப் பெருமாள் என்று பெயர். அந்தக் கறுப்பைப் பார்த்துக் கண்ணீர் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பெண் பார்க்கக் கிளம்பும்போது 'நிறம் எப்படி?' என்று கேட்டால், கோயிலில் எதைத்தான் பார்த்தோம்?

'அப்படியானால் கண்ணாடியே பார்க்கக் கூடாதா?' என்று கேட்பீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். ஆண்டாளே பார்த்தாளே! பெருமாளுக்கென்று தந்தை கட்டிவைத்த மாலையைத் தான் சூடி, 'அவனுக்கு நான் பொருத்தமா?' என்று கிணற்று நீரில் அழகு பார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் அந்தக் கண்ணாடிக் கிணற்றை இன்றும் தரிசிக்கலாம். அவள் சூடிய மாலைதான் வேண்டும் என்றான் பெருமாள். அந்த நினைவில்தான், இன்றும் புரட்டாசி பிரம்மோத்ஸவத்துக்குத் திருமலைக்கும், சித்திரையில் கள்ளழகருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து மாலை போகிறது. அதே ஆண்டாள், மார்கழி நோன்பு என்று வந்ததும் மையையும் பூவையும் ஒதுக்கி வைத்தாள். நெய்யும் பாலும்கூட வேண்டாம் என்றாள். நோன்பு நிறைவேறும் வேளையில், நகையும் புத்தாடையும் நெய் ஒழுகும் அக்காரவடிசிலும் என்று ஆசையாகக் கேட்டாள். கூடாரவல்லி அன்று நாம் கொண்டாடுவது இதைத்தான். வைக்கவும் தெரியும், எடுக்கவும் தெரியும் அவளுக்கு. நம்மில் பலருக்கு எடுக்க மட்டும்தான் தெரிகிறது.

வைப்பதற்கு நமக்குத் தெரிந்த ஒரே இடம் பழநியும் திருப்பதியும்தான். எத்தனையோ விலை கொடுத்து வளர்த்த முடியை, அங்கே ஒரு நிமிஷத்தில் இறக்கி வைத்துவிடுகிறோம். திருமலையின் கல்யாணக் கட்டாவில் மொட்டை போடக் கட்டணம் கிடையாது. சேரும் முடியை தேவஸ்தானம் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. கோடிக்கணக்கில் வருமானம் வருகிறது. அந்த முடி சவுரியாகவும் விக்காகவும் மாறி, எங்கோ ஒருவரின் தலைக்கு அழகு சேர்க்கிறது. நாம் 'எனக்கு வேண்டாம்' என்று வைத்தது, இன்னொருவருக்கு ஆகிவிட்டது.

ஸ்வாமி சந்நிதியில் இது சர்வசாதாரணம். அபிஷேகம் செய்த பால் தீர்த்தமாக உங்கள் கைக்கு வருகிறது. சாத்திய சந்தனம் உங்கள் நெற்றிக்கு வருகிறது. மாலை உங்கள் கழுத்துக்கு வருகிறது. ஆரம்பத்தில் கேட்டேனே, கருவறைச் சந்தனத்துக்கும் அழகு நிலையச் சந்தனத்துக்கும் என்ன வித்தியாசம் என்று, அது இங்கேதான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஸ்வாமி தமக்குத் தாமே எதையும் பூசிக்கொள்வதில்லை. எப்போதும் வேறொருவர் கைதான் அவரைக் குளிப்பாட்டுகிறது, துடைக்கிறது, உடுத்திவிடுகிறது. ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. அவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. ஆனி மாத ஜ்யேஷ்டாபிஷேகத்தை ஒட்டி, வாசனைத் திரவியங்கள் சேர்த்துப் பக்குவப்படுத்திய தைலத்தைத் திருமேனி முழுவதும் சாத்துவார்கள். படுத்தே இருக்கிற பெருமாளுக்கு, பார்த்துப் பார்த்து எண்ணெய் தடவிவிடுகிறார்கள்.

படுத்தே இருக்கிறவர் உங்கள் வீட்டில் யாராவது உண்டா?

நகரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். முகூர்த்தம் காலை 6 மணிக்கு. விடியற்காலை 3 மணிக்கே மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ய ஓர் அம்மா, உதவிக்கு இரண்டு பெண்களோடு வந்துவிட்டார். கூலி 30,000 ரூபாய் என்று பேசிக்கொண்டார்கள். பெண்ணின் அம்மா, அத்தை, சித்தி, தோழிகள் என்று அறைக்குள் ஒரே கூட்டம். ஆளுக்கொரு கண்ணாடி. அந்த அறையின் மூலையில், சக்கர நாற்காலியில் பெண்ணின் பாட்டி. உடுத்திவிட்டிருந்தது புதுப் பட்டுப் புடவைதான். ஆனால், தலையைச் சீவி இரண்டு நாள் ஆகியிருக்கும். விரல் நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன. யாரும் வேண்டுமென்று விட்டதில்லை, கல்யாண வேலை! அலங்காரம் செய்ய வந்த இரண்டு பெண்களில் சின்னவள், ஹேர்பின் ஒன்றுக்காகக் காத்திருந்த நேரத்தில் பாட்டியிடம் வந்தாள். 'சும்மாதானே நிக்கிறேன், ரெண்டு நிமிஷம் பாட்டி' என்று சொல்லி, சிக்கெடுத்துத் தலை வாரி, சின்னதாக ஒரு கொண்டை போட்டு, தன் கூடையில் மிச்சமிருந்த மல்லிகையைச் சுற்றிவிட்டாள். நகத்தையும் வெட்டிவிட்டாள். பாட்டி இடுப்புச் சுருக்குப்பையைத் தடவி 10 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து, 'உனக்கு எவ்வளவும்மா தரணும்?' என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, நோட்டை மறுபடி பையிலேயே வைத்துக் கயிற்றை இழுத்துவிட்டாள்.

அந்த மண்டபத்தில் அன்று கூலி வாங்காமல் நடந்த அலங்காரம் அது ஒன்றுதான்.

காஞ்சியில் சலவைத் தொழில் செய்துவந்தவர் திருக்குறிப்புத் தொண்டர். அடியார்களின் மனக்குறிப்பை அறிந்து தொண்டு செய்வாராம். அதனால்தான் அந்தப் பெயர். சிவனடியார்களின் துணியை வெளுத்துத் தருவதே அவருடைய பூஜை. அவரைத் தேடி ஈசன் வந்தான். எப்படி வந்தான் என்று பாருங்கள். அடியார் வீட்டு வாசலில் அவன் சோறு கேட்டு நின்ற கதைகள் நிறைய உண்டு. இங்கே அவன் சோறு கேட்கவில்லை. குளிரில் நடுங்கும் மெலிந்த உடம்போடு, அழுக்கேறிய கந்தையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். இந்தக் கந்தையை வெளுத்து, பொழுது சாய்வதற்குள் காய வைத்துக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குளிர் தாங்காது என்றான்.

தொண்டர் வெளுத்தார். காயப் போடும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. பொழுதும் சாய்ந்தது. ஈரத் துணியோடு நிற்கிறார். அங்கே ஒரு முதியவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பாரே! வாக்குத் தவறிவிட்டதே என்று, துணி துவைக்கிற கல்லில் தம் தலையை மோதப் போனார். கல்லிலிருந்து ஒரு கை எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் தரிசனம், முக்தி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு கிழவரின் ஒரே ஒரு துணி காயவில்லை என்பது உயிர் போகிற விஷயமாக ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அதனால்தான் அவர் நாயன்மார்.

இப்போது அந்த நோட்டை எடுங்கள். ஒவ்வொருவர் பெயர் எதிரிலும் தொகை இருக்கிறதல்லவா? அப்பா பெயர் எதிரே என்ன இருக்கிறது? அம்மா பெயர் எதிரே? மாமியார் பெயரை எழுதினீர்களா? பல வீடுகளில் வயதானவர்களின் கணக்கில் மாத்திரை மட்டும்தான் இருக்கும். மருந்துக் கடைக்கு ஆயிரக்கணக்கில் போகும். வாணியனுக்கு ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது. கை நடுங்குவதால் சவரம் செய்துகொள்ள முடியாமல், அப்பா 10 நாள் தாடியோடு உட்கார்ந்திருப்பார். 'வயசாச்சு, இனிமே யார் பார்க்கப் போறா?' என்று அவரே சொல்லுவார். நம்பாதீர்கள். அவருக்கும் ஆசை இருக்கும். கேட்பதற்குக் கூச்சம், அவ்வளவுதான்.

வருகிற சனிக்கிழமை இதைச் செய்து பாருங்கள். பெரிய செலவில்லை. நல்லெண்ணெயை இளஞ்சூடாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள். சளி, ஆஸ்துமா மாதிரித் தொந்தரவு உள்ளவர் என்றால், தலைக்கு எண்ணெய் வைக்கலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. தலைக்கு ஆகாது என்றால் கைகால்களுக்கு மட்டும் தடவலாம். தீபாவளியன்று அவர்கள் உங்களை மணையில் உட்கார்த்தி உச்சந்தலையில் எண்ணெய் வைத்தார்களே, அதே மாதிரி உட்கார்த்தி, நீங்களே வையுங்கள், வேலைக்காரரிடம் விடாதீர்கள். எண்ணெய்க் காலோடு வழுக்கிவிடாமல் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வெந்நீர் ஊற்றுங்கள். குளித்ததும் நகம் இளகியிருக்கும். அப்போது வெட்டுவது சுலபம். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால், கால் நகத்தை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். முடிதிருத்துபவரை வீட்டுக்கே அழைத்துவர முடியுமானால் அழைத்து வாருங்கள்; அவர் கேட்பதற்கு மேலே பத்தோ இருபதோ சேர்த்துக் கொடுங்கள். சலவைத் துணியை உடுத்திவிட்டு, அவரவர் வழக்கப்படி நெற்றிக்கு விபூதியோ, திருமண்ணோ, குங்குமமோ இட்டுவிடுங்கள்.

கோயிலில் உபசாரங்கள் நடக்கும்போது ஸ்வாமிக்குக் கண்ணாடி காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். குடை, சாமரம், விசிறியோடு அதுவும் ஓர் உபசாரம். வீட்டிலும் ஒரு கண்ணாடியை எடுத்து, அவர் முகத்துக்கு நேரே பிடியுங்கள். கை வலிக்கிறது என்று உடனே எடுத்துவிடாதீர்கள். கண் பார்வை மங்கியவர்களுக்கு, பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.